கடலுக்குள் முதல் பைல்: ஜெட்டி, பாலம் கட்டும் சைட்டுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

டிப்ளமோவோ பி.இ. சிவிலோ முடித்து, ஒன்றிரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கடல் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறைமுகமோ ஜெட்டியோ கடல் பாலமோ, எங்கே போனாலும் புதியவரைப் பெரும்பாலும் முதலில் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) வேலையில்தான் நிறுத்துவார்கள். அதனால் ஒரே ஒரு பைலை எடுத்துக்கொண்டு, லெவல் பார்ப்பதில் தொடங்கி கான்கிரீட் போட்டு முடிப்பது வரை வரிசையாகப் போகலாம். துளையிட்டு அங்கேயே வார்க்கும் பைல், 1 மீட்டர் விட்டம், தண்ணீர் மட்டத்திலிருந்து துளையின் அடிவரை 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முன்னாடியே ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மேல் நிற்கும் நேரத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்குக் கடல் வேலை நன்றாக நடக்கும். கரையில் முடிக்கக்கூடிய எதையும் கடலுக்குக் கொண்டுபோகக் கூடாது. வெல்டிங், கம்பி கட்டுதல், குழாய் கோத்துப் பார்த்தல், கணக்குப் போடுதல் எல்லாமே கரை வேலை.

1. பூஜ்ஜியம் எது என்று கேளுங்கள்

கட்டட சைட்டில் ஒரு பெஞ்ச் மார்க் இருந்தால் போதும். கடலோரத்தில் இரண்டு பூஜ்ஜியங்கள் புழக்கத்தில் இருக்கும். நிலத்தை சர்வே செய்தவர்கள் சராசரிக் கடல் மட்டத்தை வைத்து அளந்திருப்பார்கள். கடலடியை அளந்தவர்களும் கப்பல்காரர்களும் சார்ட் டேட்டத்தை வைத்துப் பேசுவார்கள். கடல் வற்றும்போது ஏறக்குறைய எவ்வளவு தாழுமோ, அந்த மட்டம்தான் சார்ட் டேட்டம். சென்னையில் சராசரிக் கடல் மட்டம் இதற்குச் சுமார் 0.65 மீட்டர் மேலே இருக்கிறது.

டிராயிங்கில் டெக் மேல்மட்டம் +4.50 என்று போட்டிருக்கிறது என்றால், எதிலிருந்து 4.50? சார்ட் டேட்டத்திலிருந்து என்றால், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அது 3.85 மட்டுமே. இதைக் கவனிக்காமல் கரையில் இருக்கும் பெஞ்ச் மார்க்கிலிருந்து அப்படியே லெவலைக் கடத்தினால் பைல் தலை, பீம், டெக், ஃபெண்டர் (கப்பல் இடிப்பதைத் தாங்கும் மெத்தை) எல்லாம் 65 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அந்தத் தவறு பத்துப் பதினைந்து பைல் முடிந்த பிறகுதான் கண்ணில் படும். சைட்டுக்குப் போன முதல் நாளே டிராயிங்கின் பொதுக் குறிப்புகளைப் படித்து, மாற்றும் எண்ணைக் கூட்டல் கழித்தல் குறியோடு அலுவலகப் பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள். சர்வேயர் புத்தகத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் எது பூஜ்ஜியம் என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது டைடு, அதாவது கடலின் ஏற்றவற்றம். இந்திய சர்வே துறை வருடா வருடம் டைடு அட்டவணை வெளியிடுகிறது. அது பக்கத்துத் துறைமுகத்துக்கான கணக்கு. உங்கள் சைட்டுக்கு நேரமும் உயரமும் கொஞ்சம் மாறும். அசையாத ஒரு பைலில் அளவுகோல் ஒன்றைக் கட்டி, குறைந்தது பதினைந்து நாள், மணிக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் அதிகமாகவும், அஷ்டமி பக்கம் குறைவாகவும் இருப்பதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை 8 மணிக்கு வற்றம் என்றால் நாளை 8.50 வாக்கில். இந்த ஒரு கணக்கு பழகிவிட்டால் வாரத் திட்டத்தை நீங்களே போட்டுவிடலாம்.

சென்னைப் பக்கம் பௌர்ணமி நாளிலும் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் பாவ்நகர் பக்கம் அதுவே 10 மீட்டர் வரை போகும். அங்கே வேலை செய்துவிட்டு வந்த ஆட்கள் சொல்லும் முறைகள் அத்தனையும் இங்கே பொருந்தாது, இங்கே பழகியவை அங்கே செல்லாது.

2. காற்றின் காலம் அறிந்து திட்டம் போடுங்கள்

பாம்பனில் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடை (வடகிழக்குக் காற்று) வீசும் மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம். பாலத்தின் இந்தப் பக்கம் வேலை நிற்கும்போது அந்தப் பக்கம் படகு கட்ட முடியும் என்பது எந்த மென்பொருளும் சொல்வதற்கு முன்பே அந்த ஊர் மீனவருக்குத் தெரியும். எந்தச் சைட்டுக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே உள்ளூர் மீனவர் ஒருவரிடம் உட்கார்ந்து, எந்த மாதத்தில் எந்தக் காற்று, நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும், மண் எங்கே சேரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நங்கூரம் போடும் இடத்தையும் அப்போதே ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய வலை உங்கள் நங்கூரக் கம்பியில் சிக்கிக் கிழிந்தால் அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், அலைக் காலம் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம்), காற்று எல்லாவற்றுக்கும் முன்னறிவிப்பு தருகிறது. புதியவர்கள் அலை உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். அலைக் காலத்தையும் பாருங்கள். உள்ளூரில் காற்றே இல்லாமல், தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலால் எழுந்த நீண்ட அலை கன்னியாகுமரி, கேரளக் கரைகளுக்கு வந்து சேருவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். பார்வைக்குக் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் பார்ஜ் (கிரேன் நிற்கும் தட்டை மிதவை) மெதுவாக ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தில் கிரேன் கொக்கியில் தொங்கும் 5 டன் கம்பிக்கூடு எங்கே போய் இடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

3. நிற்க ஓர் இடம்

ரிக்கும் (துளையிடும் இயந்திரம்) கிரேனும் எதன் மேல் நிற்பது என்பதற்கு மூன்று வழிதான் அதிகம் பார்ப்பீர்கள். கரையை ஒட்டி ஆழம் குறைவு என்றால் கல்லும் மண்ணும் கொட்டித் தற்காலிகப் பாதை. கொஞ்சம் உள்ளே போனால் கேன்ட்ரி: முடித்த பைல்களின் லைனர் (பைலைச் சுற்றிய இரும்புக் குழாய்) மேலேயே இரும்புத் தளம் அமைத்து, ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குத் தளத்தை நகர்த்திக்கொண்டே போவது. இன்னும் உள்ளே என்றால் பார்ஜ், அல்லது கால்களை ஊன்றி நிற்கும் ஜாக்-அப்.

முடிவு எடுப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். ஆனால் எந்த வழி என்பதைப் பொறுத்து உங்கள் தினசரி வேலை மாறும். கேன்ட்ரி என்றால் கான்கிரீட் லாரி பைல் பக்கத்திலேயே வரும். ஆனால் முன்னால் இருக்கும் ஒரு பைல் தாமதித்தால் பின்னால் உள்ளவை அத்தனையும் நிற்கும். மிதக்கும் பார்ஜ் என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் அலைக்கு ஆடும், டைடுக்கு ஏறி இறங்கும். பார்ஜ் தளத்தை வைத்து ஆழம் அளந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஓர் அளவு வரும். அளவு எல்லாமே அசையாத லைனர் விளிம்பிலிருந்துதான்.

4. லைனர் இறக்குதல்

லைனர் என்பது பைலின் இரும்புச் சட்டை. வைப்ரோ ஹாமரால் அதிர வைத்து இறக்குவார்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியில் புள்ளி காட்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கைடு ஃபிரேமுக்குள் லைனரை நிறுத்திய பிறகு, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலிருந்து நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று மீட்டர் மண்ணுக்குள் போகும்போதுதான் திருத்த முடியும். அதற்கப்புறம் இழுத்துச் சரிசெய்யப் பார்த்தால் லைனர்தான் வளையும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2911 செங்குத்துப் பைலுக்கு 1.5 சதவீதம் சாய்வு வரை விடுகிறது. 20 மீட்டரில் அது 30 சென்டிமீட்டர். காகிதத்தில் சின்ன எண், பைல் அடியில் பெரிய தூரம்.

லைனரின் அடி உறுதியான மண்ணில் போய் உட்கார வேண்டும். தளர்ந்த மணலில் நிறுத்தினால் துளையிட ஆரம்பித்ததும் கீழே இருந்து மணல் உள்ளே பாயும்.

இறக்கி முடித்த லைனரின் வாயை உடனே கம்பி வலையால் மூடச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் அகல ஓட்டை, கீழே தண்ணீர், இரவு வேலை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் அதற்குள் விழுந்தவரை வெளியே எடுப்பது மிகக் கடினம். ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டாமல் தோளில் தொங்கவிட்டுத் திரிகிறவர்களைப் பார்த்தால், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், மரியாதையோடு நிறுத்தி மாட்டச் சொல்லுங்கள். அந்த உரிமை சேர்ந்த முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உண்டு.

5. துளையிடுதல்

போர் லாகை (முன்பே துளையிட்டு எடுத்த மண் அடுக்கு விவரம்) ஒரு நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள். இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை வெளியே வரும் மண்ணைப் பையில் போட்டு, பைல் எண், ஆழம், நேரம் எழுதிக் கட்டுங்கள். போர் லாகில் 14 மீட்டரில் கெட்டிக் களிமண் என்று இருக்கும்போது உங்கள் பையில் இன்னும் மணல்தான் வருகிறது என்றால், ரிக்கை நிறுத்தி மூத்தவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. கடலடி மண் பத்து மீட்டர் தள்ளினாலே மாறும்.

லைனருக்குள் இருக்கும் திரவத்தின் (பென்டோனைட் என்ற களிமண் பொடி கரைத்த தண்ணீர்) மட்டம் எப்போதும் வெளிக்கடல் மட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரமாக இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் துளைச் சுவர் நிற்கும். வற்றத்தில் பார்த்து, உயரம் போதும் என்று விட்டுவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து வெளியே கடல் ஒரு மீட்டர் ஏறியிருக்கும், உங்கள் உயரத்தில் பாதி போயிருக்கும். மட்டத்தை ஏற்றத்துக்குக் கணக்குப் பண்ணி வையுங்கள். காரணமே தெரியாமல் துளை சரிந்தது என்று சொல்லப்படும் பல பைல்களில் நேரத்தையும் டைடு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

பென்டோனைட்டை நல்ல தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அது சரியாக ஊறாது, திரிந்துபோகும். பயன்படுத்திய கரைசலைக் கடலில் திறந்துவிடக் கூடாது. தொட்டியில் பிடித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

6. கம்பிக்கூடு, கழுவுதல்

கூட்டைக் கரையிலேயே முழு நீளமும் படுக்க வைத்துக் கோத்துப் பார்த்துவிட்டு, பிறகு பிரித்துக் கொண்டுபோங்கள். கடலில் நின்றுகொண்டு கம்பியும் கம்பியும் சேரவில்லை என்று தேடும் ஒவ்வொரு நிமிடமும் துளையின் அடியில் வண்டல் படிந்துகொண்டிருக்கும். கம்பிக்கும் பைலின் வெளிப்பரப்புக்கும் இடைவெளி காக்கும் கவர் பிளாக்கின் கான்கிரீட், பைலின் கான்கிரீட்டுக்குக் குறையாத தரத்தில் இருக்கட்டும். மணலும் சிமென்டும் கலந்து கையால் பிடித்துக் காயவைத்த பிளாக்குகளை ஒப்புக்கொள்ளாதீர்கள், உப்பு முதலில் நுழையும் வழி அதுதான்.

கூடு இறங்கிய பிறகு அடியில் படிந்த வண்டலைக் கழுவ வேண்டும். துளையிட்டு முடித்ததும் எடை கட்டிய நாடாவால் ஓர் ஆழம் எடுத்திருப்பீர்கள். கூடு இறக்கிய பின் ஒரு முறை, கழுவிய பின் ஒரு முறை, கான்கிரீட் ஆரம்பிக்கும் முன் கடைசியாக ஒரு முறை எடுங்கள். முதல் அளவும் கடைசி அளவும் ஒத்துப்போகும் வரை ஹாப்பரை (கான்கிரீட் கொட்டும் புனல் தொட்டி) திறக்கக் கூடாது. எடை அடியைத் தொடும்போது கைக்குத் தெரியும்: சுத்தமான அடி என்றால் ‘டக்’கென்று நிற்கும், வண்டல் இருந்தால் மெத்தென்று அமுங்கும். நாடாவை நீங்களே பிடித்துப் பழகுங்கள்.

7. ட்ரெமி

பைல் நல்லதாவதும் வீணாவதும் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் கான்கிரீட்டை மேலிருந்து கொட்டினால் சிமென்ட் கரைந்துபோய் ஜல்லிதான் மிஞ்சும். அதனால் அடிவரை ட்ரெமி என்ற குழாயை இறக்கி, அதன் வழியாகக் கான்கிரீட்டை அனுப்பி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவோம். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும்.

முதல் கணக்கு ஹாப்பரின் கொள்ளளவு. முதல் கொட்டலிலேயே குழாய் நுனி ஒரு மீட்டராவது புதைந்துவிட வேண்டும். நம் பைலின் குறுக்குப் பரப்பு 0.785 சதுர மீட்டர். குழாய் நுனி அடியிலிருந்து 0.3 மீட்டர் மேலே நிற்கிறது. 1 மீட்டர் புதைய வேண்டும். ஆக 1.3 மீட்டர் உயரம், 1.02 கன மீட்டர். அதோடு வெளியே இருக்கும் 25 மீட்டர் திரவத்தின் அழுத்தத்தைத் தாங்கிக் குழாய்க்குள்ளேயே நிற்கும் கான்கிரீட்டையும் சேர்க்க வேண்டும். திரவத்தின் அடர்த்தி 1.1, கான்கிரீட்டுக்கு 2.4 என்றால் சுமார் 11.5 மீட்டர் உயரம் நிற்கும். 200 மில்லிமீட்டர் குழாயில் அது 0.36 கன மீட்டர். மொத்தம் 1.4-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக 1.5 கன மீட்டர் ஹாப்பர் வேண்டும். சைட்டில் 1 கன மீட்டர் ஹாப்பர்தான் இருக்கிறது என்றால், அதைக் கான்கிரீட் வந்து நிற்கும்போது கண்டுபிடிக்கக் கூடாது. முந்தைய வாரமே சொல்ல வேண்டும்.

குழாய்த் துண்டுகளின் நீளத்தைக் கரையில் அளந்து, இறங்கும் வரிசையில் எண் போட்டு எழுதுங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு இணைப்பில் கசிந்தால்கூட உள்ளே தண்ணீர் புகுந்து கான்கிரீட்டைக் கெடுத்துவிடும்.

அப்புறம், ஒவ்வொரு லாரிக்கும் ஓர் அளவு. 6 கன மீட்டர் இறங்கினால் நம் பைலில் மட்டம் சுமார் 7.6 மீட்டர் ஏற வேண்டும். நாடா போட்டுப் பார்க்கிறீர்கள். 7 மீட்டர்தான் ஏறியிருக்கிறது என்றால் துளை அங்கே கொஞ்சம் அகன்றிருக்கிறது. பெரும்பாலும் கவலை இல்லை. 9 மீட்டர் ஏறிவிட்டது என்றால் கவலைப்பட வேண்டும்: துளைச் சுவர் சரிந்து இடத்தை அடைத்திருக்கலாம், பைல் அங்கே இடுப்பு சிறுத்திருக்கலாம். கான்கிரீட் குறைவாகப் பிடித்தது நல்லதுதானே, மிச்சம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. பைலில் கான்கிரீட் மிச்சமானால் அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துண்டைக் கழற்றும் முன்பும் கணக்குப் பாருங்கள்: கான்கிரீட் மட்டம் எங்கே, குழாய் நுனி எங்கே, கழற்றிய பின் எவ்வளவு புதைந்திருக்கும்? இரண்டு மீட்டருக்குக் குறையும் என்றால் கழற்றக் கூடாது. கிரேன் ஆபரேட்டர் அவசரப்படுவார், கான்கிரீட் இறங்காமல் நிற்கிறது, குழாயைக் கொஞ்சம் தூக்கலாமா என்பார். குழாயை ஏற்றி இறக்கி ஆட்டலாம். நுனி வெளியே வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் அந்த உயரத்தில் சேறும் தண்ணீரும் கலந்த ஒரு பட்டை உட்கார்ந்துவிடும், மேலே எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும் அது போகாது.

ஸ்லம்ப், அதாவது கான்கிரீட்டின் இளக்க அளவு, 150 முதல் 180 மில்லிமீட்டர். பேட்ச் பிளான்டில் நன்றாக இருந்தது என்பது பதில் ஆகாது, ஹாப்பர் பக்கத்தில் எடுக்க வேண்டும். மாற்று ஜெனரேட்டர், மாற்று பம்ப், இரண்டாவது பிளான்ட் எல்லாம் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று ஆரம்பிக்கும் முன் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடல் பைலில் லைனர் தண்ணீருக்கு மேலே நிற்பதால் முடிவைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் வருவது சேறு கலந்த நுரைக் கான்கிரீட். அது வழிந்து, ஜல்லியோடு நல்ல கான்கிரீட் தெரியும் வரை போட வேண்டும்.

8. உப்பு

ஒரு கடல் பைலைக் கவனித்துப் பாருங்கள். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி நன்றாக இருக்கும். அரிப்பு எல்லாம் நனைந்து காய்ந்து நனையும் பகுதியில்தான்: ஏற்றவற்றம் தொடும் இடமும் அலைத் தெறிப்பு படும் இடமும். உப்பும் காற்றும் அங்கேதான் சேர்ந்து கிடைக்கின்றன. ஐ.எஸ். 456 ஏற்றவற்றப் பகுதிக்குக் குறைந்தது எம்40 கான்கிரீட், நீர்–சிமென்ட் விகிதம் 0.40-க்கு மேல் போகக் கூடாது, 75 மில்லிமீட்டர் கவர் என்று கேட்கிறது. பெரும்பாலும் ஸ்லாக் (உலைக்கசடு) கலந்த சிமென்ட் பயன்படுத்துவார்கள். குளோரைடு உள்ளே போவதை அது மெதுவாக்குகிறது. கலக்கவும் சரி, நனைக்கவும் சரி, கடல் தண்ணீரைத் தொடக் கூடாது. சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது க்யூரிங்குக்கு லாரித் தண்ணீர் எதற்கு என்று கேட்கும் மேஸ்திரியிடம் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும். கட்டுக்கம்பியின் நுனியை உள்பக்கம் மடக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் பூச்சும், முழுக்க வெல்டு செய்த இணைப்புகளும் வைத்ததற்கு இந்த உப்புக் காற்றுதான் காரணம். நூறு வருடத்துக்கு மேல் நின்ற பழைய பாலத்தின் பராமரிப்பில் பெரும்பகுதி துருவோடு நடந்த சண்டை.

9. புயல் அறிவிப்பு வந்தால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையில் இதற்கான பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். பார்ஜ் எந்தத் துறைமுகத்துக்குள் போகும், அங்கே போக எத்தனை மணி நேரம், கிரேன் பூமைப் படுக்க வைக்க எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டல்தான் எப்போது வேலையை நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும். தனியாக நிற்கும் லைனர்களை ஒன்றோடொன்று இரும்புச் சட்டத்தால் கட்டிவிட வேண்டும். வார்க்காத லைனர் அலைக்கு ஆடி வெல்டிங் விட்டுப்போகும். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் (தூண்கள் மேல் உட்காரும் உத்தரங்கள்) பெரும்பாலானவை கடலுக்குள் போயின. ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை மறுபடி ஓடவைத்தார்கள். கடலில் கிடந்த கர்டர்களை மீட்டெடுத்துப் பொருத்த முடிந்தது என்றால், அவற்றை ஏற்றி வைக்கத் தூண்கள் நின்றிருந்தன என்றுதானே அர்த்தம்.

10. பைலுக்கு அப்புறம்

இரண்டு வாரம் போல ஆனதும் இன்டெக்ரிட்டி டெஸ்ட் (பைல் உள்ளே குறையில்லாமல் இருக்கிறதா என்ற சோதனை), தேர்ந்தெடுத்த சில பைல்களில் லோடு டெஸ்ட். பைல் தலையை உடைக்கும்போது கட்-ஆஃப் மட்டத்துக்கு (பைல் முடிய வேண்டிய மட்டம்) கொஞ்சம் மேலேயே பெரிய உடைப்பானை நிறுத்திவிட்டு, கடைசிச் சில சென்டிமீட்டரைச் சிறிய கருவியால் எடுங்கள். பிறகு வரும் பைல் மஃப் (பைல் தலை மேல் வார்க்கும் கான்கிரீட் தொப்பி) வேலையில் மறுபடி டைடு குறுக்கே வரும். அதன் அடி ஏற்றவற்றப் பகுதிக்குள் இருந்தால் வற்றத்தில் கிடைக்கும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் ஷட்டரிங் அடி போட்டு, கசிவு அடைத்து, கான்கிரீட் முடித்து, அது கொஞ்சம் இறுகவும் வேண்டும். இந்த அவசரத்தைத் தவிர்க்கத்தான் பீம், பலகை எல்லாம் கரையில் வார்த்துக் கொண்டுவந்து வைக்கிறோம்.

பைல் ரெக்கார்டை அன்றிரவே எழுதி முடித்துவிடுங்கள். துளை ஆழங்கள், மண் பைகளின் எண், ஒவ்வொரு லாரிக்கும் மட்டம், குழாய் கழற்றிய நேரம், அந்த நேரத்தில் டைடு. சந்தேகமான இடத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள், அழித்துத் திருத்தாதீர்கள். டெஸ்ட் ரிப்போர்ட்டில் 11 மீட்டரில் ஏதோ தெரிகிறது என்று வந்தால், முதலில் எல்லோரும் தேடுவது நீங்கள் எழுதிய அந்தத் தாளைத்தான்.